ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் புரதம்?

கேள்வி: எனக்கு வயது 24, எடை 72 கிலோ. ஒன்றரை வருடமாக ஜிம்முக்குப் போகிறேன். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 கிராம், அதாவது தினமும் 216 கிராம் புரதம் எடுத்தால்தான் தசை ஏறும் என்கிறார் ட்ரெய்னர். பவுடரை வைத்து ஒப்பேற்றுகிறேன். ராத்திரி அலாரம் வைத்து எழுந்தும் ஒரு ஷேக் குடிக்கிறேன். வயிறு எப்போதும் திம்மென்று இருப்பதால் வேறு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. நான்கு மாதமாக எடை அப்படியே நிற்கிறது. கிட்னி போய்விடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எவ்வளவு புரதம் வேண்டும்?

பதில்: உங்களுக்கு 115 கிராம் போதும். மனசு கேட்கவில்லை என்றால் 140 வரை போங்கள். 216 வேண்டவே வேண்டாம்.

இந்த 115 எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ட்ரெய்னரிடம் பேச உதவும். உடற்பயிற்சி செய்யாத சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. அது குறைபாடு வராமல் இருப்பதற்கான அளவு, தசை வளர்ப்பதற்கானது அல்ல. எடை தூக்குகிறவர்களுக்கு எவ்வளவு என்பதற்கு 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று 2018-ல் வெளியானது. கிலோவுக்கு சுமார் 1.6 கிராமைத் தாண்டியபின் கூடுதல் புரதத்தால் கூடுதல் தசை வந்ததாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும் அல்லவா, அதனால் யாருக்கும் குறைந்துவிடக் கூடாது என்று மேல் எல்லையாக 2.2 வரை சொல்கிறார்கள். 72-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 115. 2.2-ஆல் பெருக்கினால்கூட 158-தான் வருகிறது.

அதே கட்டுரையில் ஜிம்களில் யாரும் சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. பயிற்சியோடு புரதத்தையும் கூட்டிக்கொண்டவர்களுக்கு, கூட்டாதவர்களைவிட அதிகமாகக் கிடைத்தது சராசரியாக 0.3 கிலோ கொழுப்பற்ற எடை மட்டுமே. மீதியெல்லாம் பயிற்சி கொடுத்தது. பவுடர் டப்பாவில் இருக்கும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். தசையில் முக்கால்வாசி தண்ணீர், புரதம் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு கிலோ தசையில் 200 கிராம் புரதம் இருக்கும். மாதம் ஒரு கிலோ தசை ஏறுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் (ஒன்றரை வருடம் கழித்து அந்த வேகம் பேராசை) ஒரு நாளைக்கு 7 கிராம் புரதம்தான் தசையாகச் சேர்கிறது. அப்புறம் எதற்கு 115? உடம்பு தன் புரதத்தைத் தினமும் 250, 300 கிராம் வரை உடைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்கிறது. உடைந்ததில் பெரும்பகுதி மறுபடி பயன்படும், ஆனால் ஒரு பங்கு எரிந்து போய்விடும். குடலும் கல்லீரலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். இந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டித்தான் அந்த 7 கிராம் மிஞ்ச வேண்டும். அதற்கும் மேல் சாப்பிடுவதை உடம்பு தசையாக்கிச் சேமித்து வைக்காது. நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும், மீதி எரிபொருளாகிவிடும். 2014-ல் ஏற்கெனவே பயிற்சியில் இருந்தவர்களுக்கு எட்டு வாரம் கிலோவுக்கு 4.4 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அதற்காகத் தசை கூடவில்லை.

உடற்கட்டுப் போட்டிக்காகக் கொழுப்பை இறக்கும் காலத்தில் கணக்கு வேறு. கலோரி குறையும்போது தசையும் கரையப் பார்க்கும், அப்போது 2 கிராமுக்கு மேலே போவதில் அர்த்தம் உண்டு. உங்கள் ட்ரெய்னரின் 3 அந்தப் போட்டி மேடைக் கணக்கிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மேடையில் நிற்பவர்களில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு, அவர்களுடைய சாப்பாட்டு அட்டவணை நமக்கு உதவாது.

ராத்திரி அலாரம்? அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஒரே வேளையில் 100 கிராம் புரதம் கொடுத்தாலும் உடம்பு அதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிதானமாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 30, 40 கிராம் மாதிரி சாப்பிட்டால் தாராளம். முட்டை, பால், கறி, பருப்பு எல்லாம் கணக்கில் வரும். 100 கிராம் கறி என்றால் 100 கிராம் புரதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெந்த கோழி நெஞ்சுக்கறியிலேயே 30 கிராம் சுமார்தான், ஒரு முட்டையில் 6. சைவம் என்றால் கொஞ்சம் தூக்கலாக வைத்துக்கொள்ளுங்கள், பருப்பு வகைகளின் புரதம் அவ்வளவு முழுசாகச் செரிப்பதில்லை. பவுடர் வசதிக்குத்தான், ஒரு நாளைக்கு ஒரு ஸ்கூப் போதும்.

கிட்னி விஷயத்தில் வீட்டாரின் பயத்துக்குப் பதில் இது: ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான். ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆனால் எடை தூக்குவதையும், கிரியேட்டின் (ஜிம்மில் பலத்துக்காக எடுக்கும் பவுடர்) எடுத்தால் அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தசை அதிகம் இருப்பவர்களுக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் பார்க்கும் கழிவுப்பொருள்) இயல்பாகவே சற்றுக் கூடுதலாகக் காட்டும். தேவையில்லாமல் வீடே பதறும்.

சரி, எடை ஏன் ஏறவில்லை? புரதம் வயிற்றை அடைத்துவிடும், பசியைக் கொன்றுவிடும். 216 கிராமை உள்ளே தள்ளியதில் மாவுச்சத்துக்கும் கொழுப்புக்கும் இடமில்லாமல் போய், மொத்தக் கலோரி குறைந்திருக்கிறது. பயிற்சியில் தெம்பு இல்லாமல் போனாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். புரதத்தை 120-க்கு இறக்கிவிட்டு, மிச்சமாகும் இடத்தில் மாவுச்சத்தையும் கொழுப்பையும் நிரப்பி, இப்போது சாப்பிடுவதைவிட மொத்தத்தில் 300 கலோரி கூட வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதுங்கள். வாரத்துக்கு 200 முதல் 350 கிராம் ஏறினால் சரியான வேகம். மூன்று வாரத்திலும் அசையவில்லை என்றால் இன்னொரு 200 கலோரி கூட்டுங்கள், புரதத்தில் கை வைக்காமல்.