ஒரே நாடு ஏன் மூன்று நான்கு அணிகளில் இருக்கிறது?

கேள்வி: காலநிலை மாநாடுகளில் ஒரே நாடு பல அணிகளில் இருக்கிறதே, இது குழப்பத்தில் முடியாதா?

வெளியிலிருந்து பார்த்தால் குழப்பம்தான். ஆனால் அங்கே வாக்கெடுப்பு விதி இன்றுவரை ஏற்கப்படவே இல்லை. ஏறக்குறைய இருநூறு தரப்பும் ஒத்துவந்தால்தான் முடிவு. தனியாகப் பேசும் நாட்டின் குரல் எடுபடாது, அதனால் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு கூட்டு தேவைப்படுகிறது. நான் வாழும் தென்னாப்பிரிக்கா பணம் கேட்க வளரும் நாடுகளின் பெரிய கூட்டான ஜி-77இல் நிற்கும், வறட்சியையும் வெள்ளத்தையும் சொல்ல ஆப்பிரிக்கக் குழுவில் நிற்கும். நிலக்கரியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தியா, சீனா, பிரேசிலோடு ‘பேசிக்’ (BASIC) என்ற அணியில் நிற்கும். எங்கள் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில்தானே வருகிறது!

2011 மாநாடு எங்கள் டர்பனில் நடந்தது. வழக்கமாக இந்தியா, சீனா பக்கம் நிற்கும் சிறு தீவு நாடுகளும் மிக ஏழை நாடுகளும் அந்த முறை ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்ந்துகொண்டன. எல்லா நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். வளர்ந்த நாடுகளின் பாரத்தை ஏழைகள் தலையில் ஏற்றக் கூடாது என்று இந்திய அமைச்சர் ஜெயந்தி நடராஜன், நம் தமிழ்ப் பெண், விட்டுக்கொடுக்காமல் நின்றார். மாநாட்டுத் தலைவர் மைட்டே என்கோனா-மஷாபானே கூட்டத்தை நிறுத்தி, நீங்களே பேசி முடியுங்கள் என்றார். அரங்கின் நடுவில் நின்றபடியே பேசினார்கள். கடைசியில் பிரேசில்காரர் ஒருவர் ‘சட்ட வலுவுள்ள ஒப்புக்கொண்ட முடிவு’ என்ற சொல்லை எடுத்துக் கொடுக்க, ஞாயிறு விடியலில் முடிந்தது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துக்கு வழி அங்கேதான் திறந்தது.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது 2022. அந்த ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனிலும் சுற்றுப் பகுதிகளிலும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு அருகே எங்கள் ஊரான டோங்காட்டின் குடிநீர் நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வரும் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் வாளியோடு ஓடுவோம். முழங்கால் வலியோடு அவர் வாளியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறுவார்.

அதே நவம்பரில் எகிப்தில், தீவு நாடுகள் 1991 முதல் கேட்டுவந்த காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது. ஜி-77க்கு அந்த ஆண்டு தலைமை பாகிஸ்தான், அதுவும் வெள்ளத்தில் மூழ்கிய நாடு. அணியை உடைக்க முயற்சிகள் நடந்தன, உடையவில்லை. அப்புறம்தான் ஐரோப்பிய ஒன்றியம் இறங்கிவந்தது.