‘ஜிஞ்சர்’ எந்த மொழிச் சொல்?

கேள்வி: ‘ஜிஞ்சர்’ பிரெஞ்சிலிருந்து வந்தது என்கிறது ஓர் அகராதி. லத்தீன் என்கிறது இன்னொன்று. சமஸ்கிருதம் என்றும் படித்தேன். எதை நம்புவது? நானே தேடிப் பார்க்க வழி உண்டா?

பதில்: மூன்றுமே ஒரே பாதையில் உள்ள ஊர்கள்தான். ஒவ்வோர் அகராதியும் ஒவ்வோர் இடத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே முதலில், ஆங்கிலம் இதை நேராக யாரிடம் வாங்கியது என்று பாருங்கள். அப்புறம் படிப்படியாகப் பின்னோக்கிப் போங்கள். நடுவில் ஒரு படியைக்கூடத் தாண்டக் கூடாது.

1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மானியர் இங்கிலாந்துக்கு வருவதற்கு முன்பே, பழைய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிஃபர்’ உண்டு. அது லத்தீன் வழி வந்தது. பின்னர் பழைய பிரெஞ்சின் ‘ஜிஞ்சிப்ர’ அதன் வடிவத்தை மாற்றியது. லத்தீனுக்கு முன்னால் கிரேக்க ‘ஸிங்கிபெரிஸ்’. அதற்கும் முன்னால் பழைய இந்திய மொழியான பாலியில் காணும் ‘சிங்கிவேர’ போன்ற வடிவம்.

சமஸ்கிருத ‘சிருங்கவேர’ இங்கேதான் குழப்புகிறது. சிருங்கம் என்றால் கொம்பு. இஞ்சியின் உருவத்துக்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அது, வெளியிலிருந்து வந்த சொல்லைப் பொருள் தரும்படி திருத்திக்கொண்ட வடிவம் என்பதே பல மொழியியலாளர்களின் கருத்து. என் கருத்தும் அதுதான். ‘சிங்கிவேர’ என்பதன் பின்பகுதி நம் ‘வேர்’. முன்பகுதி ‘இஞ்சி’யின் பழைய வடிவம், அதன் தொடக்கச் சகரம் தமிழில் உதிர்ந்துவிட்டது. சிறகு–இறகு, சிப்பி–இப்பி ஆகியவற்றைப் பாருங்கள், புரியும்.

சரி, ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டலாமா? கூடவே கூடாது. ஆங்கில ‘ஒன்’ (one) என்பதற்கும் நம் ‘ஒன்று’ என்பதற்கும் முடிச்சுப் போடுபவர்கள் ஏராளம். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. ‘எய்ட்’ (eight) என்பதும் அப்படியே: லத்தீனில் ‘ஆக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. பின்னே போகப் போக ‘எட்டு’ விலகிப்போகிறது. ‘ஜிஞ்சர்’ விஷயத்தில் நேர்மாறாக, பின்னே போகப் போக ‘இஞ்சி வேர்’ நெருங்கி வருகிறது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நீங்களே தேடும்போது, அகராதியில் ஒரு சொல்லின் முன் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைக்கவில்லை, ஒப்பிட்டு ஊகித்தது என்று பொருள். ஆங்கிலப் பக்கத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி போதும். தென்னிந்தியப் பக்கத்துக்கு பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பு, இணையத்திலும் தேடலாம்.