சிக்கிள் செல் உள்ளவருக்கு முடக்குவாதமும் வருமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 33. சிறுவயதிலிருந்தே சிக்கிள் செல் சோகை, அதற்காக ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாகக் காலையில் இரண்டு கைவிரல்களும் வீங்கி விறைத்துக்கொள்கின்றன. தண்ணீர்ப் பாட்டில் மூடியைக்கூடத் திருக முடியவில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் விரல் மடங்குகிறது. ‘சிக்கிள் வலிதான்’ என்று வலி மாத்திரை தருகிறார்கள். முடக்குவாதமாக இருக்குமா?
– வாசகர், கூடலூர்

பதில்: இருக்கலாம். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். சிக்கிள் செல் நோயாளி எந்த வலியைச் சொன்னாலும் பழைய நோயின் தலையிலேயே கட்டிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் வருவது சிக்கிள் வலி. திடீரென்று கை, கால், முதுகு, மார்பு எலும்புகளில் பிடித்து, பெரும்பாலும் சில நாட்களில் தணியும். இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஆறு வாரங்களுக்குப் பிறகும் தொடர்ந்தால் முடக்குவாதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்று பார்த்து அழற்சியைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். வளைந்த அணுக்கள் காசுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு வேகமாகப் படியாது. அதனால் மூட்டில் அழற்சி இருந்தாலும் இ.எஸ்.ஆர். குறைவாகவே காட்டக்கூடும். சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் கை எக்ஸ்-ரேயும் தேவை. தாமதித்தால் மூட்டு அரிக்கப்பட்டுவிடும். அரித்தது திரும்ப வளராது.

மூட்டுவாத மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் கலந்து பேசி மருந்து தர வேண்டும். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் (வாரத்துக்கு ஒருமுறை மட்டும்), ஹைட்ராக்ஸியூரியா இரண்டுமே ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையை அடக்கக்கூடியவை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காக ஹைட்ராக்ஸியூரியாவை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு வீக்கத்தை வேகமாகக் குறைக்கும். ஆனால் சிக்கிள் உள்ளவர்களுக்கு அதுவே கடும் வலியைத் தூண்டிவிடலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூடாது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவதும் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கக்கூடிய சிறுநீரகத்துக்கு ஆபத்து.

சிக்கிள் செல் நோயில், கிருமிகளை எதிர்க்க உதவும் மண்ணீரல் சரியாக வேலை செய்யாது. முடக்குவாத மருந்தும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நிமோனியா தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்றும் கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும், ஹைட்ராக்ஸியூரியாவைத் தொடர்வது பற்றியும் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.