மாமனாரும் பேரனும் பார்க்கும் அந்தப் படம்

கேள்வி: என் மாமனார் நாற்பது வருஷம் லுங்கி நெய்தவர். தறியை விட்ட பிறகு பேச்சே குறைந்துவிட்டது. பத்தாவது படிக்கும் என் மகனோடு உட்கார்ந்து ‘ரஷ் ஹவர்’ தமிழ் டப்பிங்கை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கிறார். “பரீட்சை வருஷத்தில் இந்த அடிதடிப் படம் தேவையா?” என்று என் கணவர் கோபப்படுகிறார். நிறுத்தச் சொல்லட்டுமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வேண்டாம் அம்மா, நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பெரிய படம் இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். 1998-ல் வந்தது. ஹாங்காங் போலீஸாக ஜாக்கி சான், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸாக கிறிஸ் டக்கர். ஒருவர் அளந்து பேசுவார், இன்னொருவருக்கு வாய் ஓயாது. முதலில் எலியும் பூனையும், முடிவில் உயிர் நண்பர்கள். 1982-ல் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் எடி மர்ஃபி அறிமுகமான படத்திலேயே இதே மாதிரி ஒட்டாத ஜோடி உண்டு, பழகிய தடம்தான். சீனர்களையும் கறுப்பர்களையும் வைத்துச் செய்யும் சில கேலிகள் இன்று காதில் உறுத்துகின்றன. அதைப் பற்றி மட்டும் மகனிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

ஆனால் சண்டைகளை அப்படித் தள்ளிவிட முடியாது. கடைசியில் கண்காட்சிக் கூடத்தில் ஜாக்கி சான் எதிரிகளையும் அடிக்க வேண்டும், சாயப்போகும் பழங்கால ஜாடிகளையும் தாங்க வேண்டும். குழித்தறியில் உங்கள் மாமனார் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். கால் மிதிக்கும், ஒரு கை கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும், மறு கை பலகையை அடிக்கும், கண் அறுந்த இழையைத் தேடும். ஒன்று பிசகினாலும் துணி கெட்டது. அப்படி நாற்பது வருஷம் உழைத்தவருக்கு, இன்னொருவரின் கையும் காலும் கணக்குத் தப்பாமல் ஓடுவதைப் பார்ப்பதில் தனி ருசி இருக்கும் என்றே நினைக்கிறேன். அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று கவனியுங்கள். கதை லேசாக இருப்பதும் ஒரு வசதி. தாத்தாவும் பேரனும் நடுவில் பேசிக்கொண்டாலும் எதுவும் விட்டுப்போகாது.

இன்னொன்று. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, படப்பிடிப்பில் சொதப்பியதையெல்லாம் காட்டுவார்கள். ஜாக்கி ஆங்கிலத்தில் தடுமாறுவார், டக்கர் சீன மொழியில் திணறுவார். டிவியில் இந்தப் பகுதியை வெட்டியிருந்தால் மகனைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழும் கடைத்தெருவில் பழகியவர் உங்கள் மாமனார். இதை ரொம்ப ரசிப்பார்.

பரீட்சைக் கவலை நியாயமானது. அதற்கு ஞாயிறு மதியம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். நம் ஊர் வெயிலில் அந்நேரம் வெளியே தலைகாட்டவும் முடியாது. இந்த வாரம் அந்த ஜாடிச் சண்டை வரும்போது உங்கள் கணவரையும் கூப்பிட்டு அப்பா பக்கத்தில் உட்கார வையுங்கள்.