சம்மதம் இருந்தும் கிடைக்காத விடுதலை

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், இரண்டு அடுப்பு மூட்டி வாழ்கிறோம். பிரியத்தான் இருவருக்கும் விருப்பம். 'மனமொத்துப் பிரிகிறோம்' என்று தோட்டத் தலைவர் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தம்பதி பதிவாளரிடமே முடித்துக்கொண்டார்கள். எங்களுக்கும் கையெழுத்துப் போட்டால் போதாதா?
– வாசகி, ஹட்டன்

பதில்: போடாதீர்கள், சகோதரி. அந்தத் தம்பதிக்கு உதவியது 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமாக இருக்கும். அதில் பரஸ்பர சம்மதமே போதும். ஆனால் அது கண்டியச் சிங்களவருக்கு மட்டும். உங்களுக்குப் பொருந்தும் இலங்கைப் பொதுச் சட்டத்தில் காரணங்கள் மூன்றுதான்: வேறொருவருடன் உடலுறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை. இருவரும் ஒத்துப்போனால் விவாகரத்து இல்லை. ஒருவர்மீது குற்றம் நிரூபித்தால்தான் உண்டு. வேடிக்கைதான், ஆனால் சட்டம் அப்படி.

கடிதத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, சம்மதத்துடன் பிரிந்து வாழும் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை, அதாவது வாழ்க்கைச் செலவுப் பணம் கொடுக்கச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு, கிடைக்காது. ஆக, அந்தத் தாள் தாலியை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் வெட்டும். பிள்ளைகளின் உரிமை போகாது.

அவருடைய கொடுமையால் நீங்கள் வெளியேற நேர்ந்தால், கைவிட்டவர் அவர்தான் என்று வாதாடலாம். அதற்குச் சான்று வேண்டும்: பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு, திட்டி அனுப்பிய குறுஞ்செய்திகள், பார்த்த அயலவர். சும்மா பெட்டி தூக்கிப் போனால் பழி உங்கள்மேல் திரும்பும். விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில். தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்தில். இரண்டாவதற்கு முதலாவது முடியக் காத்திருக்கத் தேவையில்லை. 'கொழுந்துச் சம்பளம் இருக்கிறதே' என்று அவர் தரப்பு கேட்கும். அது போதாது என்று காட்டச் செலவுக் கணக்கு எழுதி வையுங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தீர்ப்பு வந்ததும் மறுமணம் செய்துவிடாதீர்கள்; முதல் தீர்ப்பாணை இறுதியாகக் குறைந்தது மூன்று மாதம் போகவேண்டும். ஏழு வருடம் பிரிந்திருந்தால் கல்யாணம் தானாக ரத்தாகும் என்பது வெறும் லயத்துப் பேச்சு.

கேள்வி: கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. அப்படியானால் நான் சுதந்திரம்தானே?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இல்லை. சடங்கை நிரூபிக்க முடிந்தால் பதிவில்லாத திருமணமும் செல்லும். நீண்டகாலம் கணவன் மனைவியாக வாழ்ந்ததும் சான்றாகும். தாபரிப்புக் கேட்கும்போது இதே விஷயம் உங்களுக்குத் துணை. கல்யாணப் படத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: காம்பரா அவர் பேரில். அடித்தால் நான்தான் வெளியே போகணுமா?
– வாசகி, ராகலை

பதில்: அப்படியில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நீங்களோ உங்களுக்காகப் பொலிஸோ நீதவானிடம் மனுச் செய்யலாம். இருவரும் வாழும் இடத்துக்குள் அவர் வரக்கூடாது என்றும் தடை விதிக்கலாம். பேர் யாருடையது என்பது மட்டும் அதைத் தீர்மானிக்காது. இருவரின் தங்குமிடத் தேவையையும் நீதவான் பார்ப்பார். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அவசரத்துக்கு 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது. கட்டளையின் பிரதி ஒன்றைத் தோட்ட அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள். 'குடும்பச் சண்டை' என்று தோட்டத் துரை (நிர்வாகி) ஒதுங்குவது குறையும்.