காலை ஸ்டேண்டப்பில் ஆங்கிலம் தடுமாறுகிறது என்று கேட்டவருக்கு

வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை, காலை ஸ்டேண்டப்பில் (டீம் தினமும் கூடி வேலை நிலவரம் சொல்லும் சின்ன மீட்டிங்) மென்பொருள் பதிப்பு தயார் என்று சொல்ல வந்தால் "தி பில்ட் ரெடி" என்று வினைச்சொல்லே இல்லாமல் வந்துவிடுகிறது, டென்ஸும் (வினையின் காலம்) குழம்புகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

தமிழில் "அவர் டாக்டர்" என்றாலே வாக்கியம் முடிந்தது. கன்னடத்திலும் அப்படித்தான் என்பதால், பெங்களூரில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் இதே தடுமாற்றம் இருக்கலாம். ஆங்கிலத்துக்கு நடுவில் ஓர் இணைப்பு வினை கட்டாயம் வேண்டும்: தி பில்ட் இஸ் ரெடி.

லுக், சீம், ஃபீல், பிகம் போன்றவையும் இந்த வேலையைச் செய்யும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். "தி டேட்டா லுக்ஸ் ராங்" என்பதில் பொருந்தும்; அது இணைப்பு வினை. "ஷி லுக்ட் அட் தி லாக்" (அவர் கணினிப் பதிவைப் பார்த்தார்) என்பதில் போட்டால் பொருளே மாறிவிடும், அது செயல்.

அப்புறம் டென்ஸ். 'யெஸ்டர்டே' வந்தால் "ஐ ஃபிக்ஸ்ட் இட்" மட்டும்தான். "நேற்றே முடித்திருக்கிறேன்" என்று சொல்லிப் பழகியதால் நமக்கு 'ஹேவ்' தானாக ஒட்டிக்கொள்கிறது, அதை வெட்டுங்கள். ஆனால் 2021-இலிருந்து இங்கேயே வேலை என்றால் அதே 'ஹேவ்' கட்டாயம் வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021". 'ஐ ஆம் வொர்க்கிங்' இங்கே தப்பு.

மெட்ரோவில் போகிறவர் என்றால் ஒரே வாக்கியத்தை வாஸ், இஸ், வில் பி என்று மாற்றி, வாய்விட்டு முணுமுணுத்துப் பாருங்கள். நாளைக்குச் சொல்லப்போகும் வாக்கியங்களை இரவே எழுதி, வினையை மட்டும் வட்டமிடுங்கள். வட்டம் இல்லாத வரி கண்ணில் பட்டுவிடும். எழுதியதை இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.