எதிர்க்குறிப்பு எழுதும் உரிமை

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பொதுப்பணியில் தலைமை பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். குரூப் 1 தேர்வில் தேறி, பயிற்சி முடித்து, இப்போது வருவாய்க் கோட்டாட்சியராக இருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்தவர்களில் பெரும்பாலோர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன், திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கதையைச் சொன்னார்கள். 1979இல் எஸ்.எல்.வி-3 ஏவுகலம் தோற்றபோது தவன் தாமே பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பை ஏற்றதும், 1980இல் வென்றபோது கலாமை முன்னிறுத்தியதும் மனத்தைத் தொட்டன. ஆனால் கோட்டத்துக்கு வந்தபின், அந்தக் கதை வேறொரு உலகத்தில் நடந்ததுபோல் இருக்கிறது.

என் மேசைக்கு வரும் கோப்புகளில் யாரும் தம் கருத்தை எழுதுவதில்லை. "ஐயா என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அப்படியே எழுதிவிடுகிறோம்" என்கிறார்கள். மேலிருந்து வரும் அறிவுரைகளோ தொலைபேசியில் மட்டுமே வருகின்றன. பணியாளர்களிடம் நெருங்கிப் பழகினால் இது மாறும் என்று நினைத்தேன். இடைவெளி வைக்காவிட்டால் வேலை நடக்காது என்கிறார் மூத்த அதிகாரி ஒருவர். நீர்நிலைப் புறம்போக்கு தொடர்பான ஒரு கோப்பில் சாதகமாக அறிக்கை அனுப்பும்படி இப்போது தொலைபேசியில் சொல்லப்பட்டிருக்கிறது. உறவும் கெடாமல், சரியாகவும் நடந்துகொள்ள வழி உண்டா?

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

தவன் நடந்துகொண்ட விதம் போற்றத்தக்கது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது உங்களுக்கு அந்நியமாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஏவுகலம் கடலில் விழுந்தால் அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தலைவர் யார், திட்ட இயக்குநர் யார் என்பதும் தெரியும். வருவாய்த் துறையில் ஒரு முடிவு தவறிப்போனது தெரியவருவதற்கு ஆண்டுகள் ஆகும். தணிக்கைத் தடையாகவோ நீதிமன்ற உத்தரவாகவோ பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணையாகவோ அது வந்து சேரும்போது, வாய்மொழியாகச் சொன்னவர் மூன்று மாவட்டம் தள்ளியிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். ஆகவே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் பாடங்களைத் தலைமைச் செயலக வகைப் பணியிலிருந்தே எடுப்பது நல்லது. ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு உறவுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வல்லபபாய் படேலும் வி.பி. மேனனும். மேனன் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஒற்றப்பாலத்துக்காரர், ஆங்கிலேயர் காலத்து உயர் ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.ஸைச் சேர்ந்தவர் அல்லர். எழுத்தராகத் தொடங்கி, அரசியலமைப்புச் சீர்திருத்த ஆணையர் என்ற நிலைவரை உயர்ந்தவர். 1947இல் அதிகார மாற்றத்தோடு ஓய்வு பெற்றுவிடலாம் என்று எண்ணியிருந்த அவரைப் படேல் தடுத்து, புதிதாக அமைந்த சமஸ்தானத் துறைக்குச் செயலராக்கினார். ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றே பொருள்களில் மட்டும் முதலில் இணையச் சொல்லலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் மேனன். அதற்கு மவுண்ட்பேட்டனின் துணையைப் பெறலாம் என்றதும் அவரே. வைஸ்ராயின் அலுவலகத்தில் பணியாற்றி வந்த ஓர் அதிகாரியின் சொல்லை, பல்லாண்டு சிறையில் கழித்த ஓர் அரசியல் தலைவர் ஏற்றுச் செயல்பட்டார் என்பது அன்றைய சூழலில் எளிய விஷயமன்று.

இந்த உறவின் அடிப்படை எது என்பதைப் படேலே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில், ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கு முன்பு அளிக்கப்பட்ட உறுதிமொழிகளைக் காக்கும் பிரிவு விவாதத்துக்கு வந்தது. அந்த அதிகாரிகள் நடத்திய ஆட்சியில் சிறை சென்றவர்கள் நிறைந்த சபை அது. எதிர்ப்பு இருந்ததில் வியப்பில்லை. அங்கே படேல், தம் செயலர் தம் கருத்துக்கு எதிராகக் குறிப்பு எழுத முடியும் என்றும், அந்தச் சுதந்திரத்தைத் தம் செயலர்கள் எல்லாருக்கும் கொடுத்திருப்பதாகவும், அமைச்சர் வருத்தப்படுவாரே என்று அஞ்சி நேர்மையான கருத்தைச் சொல்லாதவர் போய்விடலாம், வேறொருவரை அமர்த்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டதாகவும் பேசினார். கவனியுங்கள், கருத்துச் சொல்லாமல் இருப்பதுதான் அவரிடம் பதவி பறிபோகக் காரணமாக இருந்தது. நம் அலுவலகங்களில் நிலைமை தலைகீழ். இரண்டு நாள் கழித்து, மன்னர்களுக்கு மானியம் கொடுக்க ஒப்புக்கொண்டதற்கு எழுந்த கண்டனத்துக்கும் படேலே பதில் சொன்னார். பேச்சுவார்த்தை நடத்தியவர் மேனன். வசவை வாங்கிக்கொண்டவர் அமைச்சர்.

இந்த உறவுக்கு ஒரு விலையும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. 1950 டிசம்பரில் படேல் மறைந்தபின் மேனனுக்கு அதற்கு நிகரான பொறுப்பு எதுவும் வாய்க்கவில்லை. சில மாதம் ஒரிசாவின் தற்காலிக ஆளுநராக இருந்தார். பிறகு, படேலுக்குக் கொடுத்த வாக்கின்படி தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். ஒருவருடைய நம்பிக்கையைச் சார்ந்து உயர்ந்தவருக்கு அவர் போனபின் நிழல் இருப்பதில்லை. இது தெரிந்தே அப்படி உழைப்பவர்களும் உண்டு, தெரிந்ததும் ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு. இருவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

இரண்டாவது, டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் எச்.எம். படேலும். எச்.எம். படேல் சாதாரண அதிகாரி அல்லர். 1947இல் நாட்டுப் பிரிவினையின் நிர்வாக வேலைகளை, பாகிஸ்தான் தரப்பில் சௌத்ரி முகமது அலியோடு சேர்ந்து, இந்தியத் தரப்பில் முன்னின்று நடத்தியவர். 1957இல் நிதித்துறையின் முதன்மைச் செயலர், டி.டி.கே. நிதியமைச்சர். இருவரும் ஆற்றல் மிக்கவர்கள், விரைந்து முடிவெடுப்பவர்கள். அந்த ஆண்டு ஜூனில், தொடங்கி ஓராண்டுகூட ஆகாத ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கழகத்தின் முதலீட்டுக் குழு கலந்தாலோசிக்கப்படவில்லை. டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் இதை எழுப்ப, பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளாவின் தனிநபர் விசாரணை ஆணையம் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள்.

அங்கே வெளிப்பட்டதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். இந்தக் கொள்முதலுக்கு அமைச்சர் இசைந்தாரா இல்லையா என்பதில் அமைச்சரின் நினைவும் செயலரின் நினைவும் ஒத்துப்போகவில்லை. அவர்களுக்குள் நடந்தது பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை. செயலரின் செயலைத் தமதல்ல என்று சொல்லி அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள முடியாது, அரசியலமைப்பின்படி பொறுப்பு அவருடையதே என்று சாக்ளா முடிவு சொன்னார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார், எச்.எம். படேலின் அரசுப் பணியும் முடிந்தது. பின்னாளில் இருவரும் மீண்டார்கள். டி.டி.கே. 1963இல் மறுபடியும் நிதியமைச்சரானார், எச்.எம். படேல் அரசியலுக்கு வந்து 1977இல் அதே நாற்காலியில் அமர்ந்தார். தனிமனிதர்களாக அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். உங்களையும் உங்கள் வட்டாட்சியரையும் போன்றவர்களுக்கு அப்படி மீள வழி இராது.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: மேலதிகாரிக்கும் கீழ்ப்பணியாளருக்கும் இடையே நல்லுறவு இருக்கிறதா என்பதை அவர்கள் எவ்வளவு இணக்கமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை வைத்து அளக்க முடியாது. முடிவுக்கு முன்னால் எதிர்க்குறிப்பு எழுத இடமிருக்கிறதா, முடிவு தவறிய பின்னால் யாருடைய பெயர் முன்னே நிற்கிறது, இந்த இரண்டும்தான் அளவுகோல்.

இதை உங்கள் மேசையில் எப்படிச் செய்வது? கோப்பின் குறிப்புப் பகுதியைப் பாருங்கள். உதவியாளர் ஒரு குறிப்பு வைக்கிறார். துணை வட்டாட்சியர் கையொப்பமிடுகிறார். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஓரத்தில் "பேசவும்" என்று எழுதுகிறார். உதவியாளர் கோப்போடு போய் நிற்கிறார். ஐந்து நிமிடம் பேச்சு. திரும்பி வந்ததும் பழைய தாளை உருவிவிட்டு, அதிகாரியின் கருத்தையே தம் கருத்தாகத் தட்டச்சு செய்து புதுத் தாளைச் சேர்க்கிறார். கோப்பில் இப்போது எல்லாரும் ஒருமனதாக இருக்கிறார்கள். நான் பணியாற்றிய காலமெல்லாம் கண்ட காட்சி இது. கணினிக் கோப்பு வந்தபின் தாளை உருவ முடியாது என்று நினைத்தேன். குறிப்பைப் பதிவேற்றும் முன்பே "என்ன எழுதட்டும்" என்று கேட்டுவிடுவதால் உருவ வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

என்னுடைய முதல் ஆட்சியரிடம் நேர்முக உதவியாளராக இருந்த பெரியவர் ஒருவர் வேறு வழக்கம் வைத்திருந்தார். உதவியாளரின் குறிப்பு தமக்கு உடன்பாடில்லை என்றால் அதைத் தொடவே மாட்டார். அதன் கீழே, "மேற்குறிப்பு படிக்கப்பட்டது. பின்வரும் காரணங்களால் மாறுபடுகிறேன்" என்று தம் கையாலேயே எழுதி, காரணங்களையும் எழுதி, கையொப்பமிட்டு மேலே அனுப்புவார். மாறுபட்டதற்காக உதவியாளரிடம் முகம் சுளித்ததும் இல்லை. ஓராண்டுக்குள் அந்தப் பிரிவில் குறிப்புகளின் தரமே மாறியது. தாம் எழுதுவது அப்படியே நிற்கும் என்று தெரிந்தவர் விதியைப் புரட்டிப் பார்த்து எழுதுகிறார். நிற்காது என்று தெரிந்தவர் எதற்குப் புரட்டுவார்?

நெருக்கமா இடைவெளியா என்ற கேள்வியை நான் இதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன். எஸ்.ஆர். சங்கரனை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மண்ணில் பிறந்து ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகக் கொத்தடிமை ஒழிப்புக்கு உழைத்தவர். திரிபுராவில் முதல்வர் நிருபேன் சக்கரவர்த்தியிடம் தலைமைச் செயலராக இருந்தவர். 1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நக்சலைட்டுகள் கடத்திச் சென்று விடுவித்த அதிகாரிகளில் அவரும் ஒருவர். அலுவலகத்தில் கடைசிப் பணியாளரிடமும் அவர் எளிமையாகப் பழகினார், வேலை கெடவில்லை. கறாராக இடைவெளி வைத்தே நன்றாக நடத்திய அதிகாரிகளையும் பார்த்திருக்கிறேன். இது அவரவர் இயல்பு. தேநீர் சேர்ந்து குடித்துவிட்டு, தணிக்கைத் தடை வரும்போது "வட்டாட்சியர் அறிக்கையின் அடிப்படையில்தான் கையொப்பமிட்டேன்" என்று விளக்கம் எழுதுபவரிடம், குடித்த தேநீரால் யாருக்கு என்ன பயன்?

இனி அந்தத் தொலைபேசி. மேலதிகாரியின் அறிவுரை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழியாகச் சொல்ல நேர்ந்தால் பின்னர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளில் விதி 3(3) சொல்கிறது. நீங்கள் மாநிலப் பணியைச் சேர்ந்தவர், அந்த விதி நேரடியாக உங்களுக்கானது இல்லை; ஆனால் உங்கள் ஆட்சியர் ஐ.ஏ.எஸ். என்றால் அவரைக் கட்டுப்படுத்தும். மேலும், முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்சநீதிமன்றம், அரசு ஊழியர்கள் வாய்மொழி உத்தரவுகளின்பேரில் இயங்கக் கூடாது, அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கூறிவிட்டது.

தீர்ப்பைக் காட்டி மேலதிகாரியிடம் வழக்காட வேண்டியதில்லை. அது உறவைக் கெடுக்கத்தான் செய்யும். முதலில் நில அளவரோடு நேரில் போய் இடத்தைப் பாருங்கள். நில வகைப்பாட்டைக் காட்டும் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் எப்படி இருக்கிறது, சாகுபடிக் கணக்கான அடங்கலில் கிராம நிர்வாக அலுவலர் என்ன எழுதியிருக்கிறார், புலப்படத்தில் நீர்வரத்து எங்கே ஓடுகிறது என்பதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வட்டாட்சியரிடம் அவர் கருத்தை எழுத்தில் கேளுங்கள். அவர் எழுதியதை மாற்றச் சொல்லாதீர்கள். பிறகு உங்கள் அறிக்கையை, "தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தபடி இக்கோப்பு உடனடியாகப் பரிசீலிக்கப்பட்டது" என்று மரியாதையாகத் தொடங்கி, நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லி, உங்கள் பரிந்துரையைச் சொல்லி, உங்கள் பெயரிலேயே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் நீங்களே மேலதிகாரியை அழைத்து, அறிக்கை இப்படித்தான் வருகிறது என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம், இடமாறுதலும் வரலாம். நான் கண்டவரையில், பாதிப் பேர் அந்த அழைப்புக்குப் பின் கோப்பைப் பற்றி மறுபடி கேட்பதேயில்லை.

அன்புடன்.